நொட்டாங்கை முடிச்சு

பிப்ரவரி 11

விடியும்போது போட்டுகள் கிளம்பின. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் அப்பாதுரையின் இன்ஜின் மட்டும் இருமிவிட்டுத்தான் பிடிக்கும். அந்தப் போட்டில் முன்பக்கம் என் இடம். இப்போது அங்கே எவன் நிற்கிறான் என்று கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

சம்சாரம் சிவசங்கரி ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குப் போய்விட்டாள். மகள் கிருபா பள்ளிக்கூடம் போய்விட்டாள். வீட்டில் நானும் என் இடுப்பு பெல்ட்டும்தான் மிச்சம்.

மழைக்காலத்துக்கு முன் போட்டை மேட்டில் ஏற்றும்போது முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. “ஆறு மாசம் கடல் பக்கமே போகாதீங்க” என்றார் பாண்டிச்சேரி டாக்டர். “அனுமந்தையில கடல் பக்கம்தான் சார் வீடே இருக்குது” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த டைரி ஐஸ் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்று செய்த வேலை: கிழிந்த டி-சர்ட் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வெட்டி ஒரே நாடாவாக எடுத்தேன். எங்கேயும் அறுபடாமல் கடைசிவரை வந்தது. அப்போது மனசுக்குள் வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? கதவு தட்டும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் பாய்க்கு அடியில் தள்ளி, மேலே உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் கோழி. நாற்பத்து மூன்று வயது ஆம்பளை, ஒரு கோழிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 13

இது எப்படி ஆரம்பித்தது என்று எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே நம்பிக்கை வராமல் போகலாம்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவரோடு இருந்த அம்மா நாள் முழுவதும் ஒரு சின்னக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னிக்கொண்டே இருந்தார். எனக்கு வேறு பார்க்க என்ன இருக்கிறது? அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“இது வலைதானே மேடம்?”

“குரோஷா” என்றார். சிரித்துக்கொண்டே ஊசியை என் கையில் கொடுத்தார். “நீங்க போட்டுப் பாருங்க.”

போட்டேன். வலையில் கண் போடுவதைப் போலத்தான். என்ன, வலைக்கண்ணில் மீன் மாட்ட வேண்டும், இதில் எதுவும் மாட்ட வேண்டாம். அதுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த ஊசியை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, வாங்கிக்கொண்டேன். இங்கே குப்பத்தில் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சிவசங்கரியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

போனது பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட். ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துப் பழைய துணியை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். எல்லாரும் சட்டையைத் தூக்கி அளவு பார்க்கிறார்கள். நான் ஸ்வெட்டரைத் தூக்கித் தையல் பார்க்கிறேன். ஓரத் தையல் பிரியும் ஜாதியாக இருந்தால் முழு ஸ்வெட்டரும் நூலாக வந்துவிடும். வெட்டித் தைத்ததாக இருந்தால் துண்டு துண்டாகப் போய்விடும். இன்று ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் மாட்டியது. முழங்கை ஓட்டை, மற்றதெல்லாம் தங்கம். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஊட்டிக்குப் போறீங்களாண்ணே?” என்றான். ஆமாம் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியாக உப்பளம் வெள்ளையாக ஓடியது. மடியில் மஞ்சள் ஸ்வெட்டர். யாரும் பார்க்காமல் ஓரத்தில் ஒரு நூலை இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. இறங்க மறந்து மரக்காணம்வரை போயிருப்பேன், கண்டக்டர் சத்தம் போட்டார்.

பிப்ரவரி 20

கூனிமேடு. கமாலுதீன் பாய் தையல் கடை. நோன்பு வரப்போவதால் கடை நிறையப் புதுத் துணி. தரையெல்லாம் வெட்டிப்போட்ட துண்டுகள். பூப்போட்டது, ஜிகினா வைத்தது, பாதாம் கலர், என்னென்னவோ.

“துண்டுத்துணி கிடைக்குமா பாய்?”

“எதுக்கு?”

வாயில் என்ன வந்தது தெரியுமா? “போட் இன்ஜின் துடைக்கறதுக்கு.”

அவர் நல்ல மனுஷர். இன்ஜினுக்கு என்றதும் பூத்துணியெல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு, உள்ளே போய் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பனியன் கிழிசலாகத் தேடி ஒரு மூட்டை கட்டினார். “இது நல்லா உறிஞ்சும்” என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். காலடியில் கிடந்த அந்த நீலப் பூ இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நானாக வாயைக் கொடுத்து நானாக மாட்டிக்கொண்டேன். இனி எப்போது போனாலும் எனக்குப் பனியன்தான்.

பிப்ரவரி 25

இன்று சிவசங்கரி தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உச்சியில் ஒரு இடம், வட்டமாக, முடியே இல்லை. தோல் தடித்துப்போயிருக்கிறது. ஓரத்தில் புண் வேறு.

நான் கடலுக்குப் போனவரை அவள் கரையில் விற்றுவிட்டு வந்துவிடுவாள். இப்போது போட்டுப் பங்கு பாதிதான். அதனால் உப்பளத்துப் பக்கம், ஊருக்குள் என்று தலைச்சுமையாகத் தூக்கிப் போகிறாள். சும்மாடு என்று ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைக்கிறாள். அது நடுவழியில் அவிழ்ந்துவிடும், கூடை விளிம்பு நேராகத் தலையில் உட்காரும்.

இதை நான் இத்தனை நாள் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தேனோ? நூலும் ஊசியுமாக வீட்டில் ஒருத்தன் உட்கார்ந்து பொழுதுபோக்குகிறான். அவன் பெண்டாட்டி தலையில் புண்.

பிப்ரவரி 27

முடித்துவிட்டேன். டி-சர்ட் நாடாவை வட்டமாகப் பின்னி, உள்ளே பனியன் துண்டுகளை அடுக்கு அடுக்காக வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்து, நடுவில் பள்ளம் விட்டேன். தலையில் வைத்தால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி பிடித்துக்கொள்ளும். மேல்பக்கத்துக்குப் பழைய நைலான் வலை, அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். மீன் தண்ணீர் வடிந்தாலும் உள்ளே இறங்காது.

பின்னல் கற்றுக்கொள்ள நான் செல்போனில் பார்க்கும் வீடியோவில் வரும் பெண் கடைசியில் நூல் முனையை உள்ளே நுழைத்து ஒளித்துவிடுகிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முடிச்சுப் போடாத நூல் கடலில் நிற்குமா? நாடா சேரும் இடத்திலெல்லாம் வலைக்குப் போடும் முடிச்சையே போட்டேன். வீடியோக்காரி பார்த்தால் அழுதுவிடுவாள்.

சிவசங்கரியிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க வாங்குன?”

“சண்டே மார்க்கெட்ல.”

“ம்” என்றாள். தலையில் வைத்துப் பார்த்தாள். கூடையை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு வாசல்வரை நடந்து திரும்பி வந்தாள். கூடை அசையவில்லை. பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

மார்ச் 4

“உப்பளத்துல முத்தம்மாக்கா இத மாதிரி ஒண்ணு வேணும்னு கேக்குது” என்றாள் சிவசங்கரி. முத்தம்மாள் பாத்தியிலிருந்து உப்பை அள்ளிக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் வேலை செய்கிறவர். ஈர உப்பிலிருந்து தண்ணீர் வடிந்து துணிச் சும்மாட்டில் ஊறி, காய்ந்து, கல் மாதிரி ஆகிவிடுமாம். தலையெல்லாம் எரியுமாம்.

“யாரு பண்ணதுன்னு கேட்டாங்களா?”

“கேட்டுச்சு. நான்தான் பண்ணேன்னு சொல்லிட்டேன்.” என் முகத்தைப் பார்க்காமல் மீன் செதில் சீவிக்கொண்டே கேட்டாள். “அந்த சண்டே மார்க்கெட்ல இன்னும் ரெண்டு மூணு கிடைக்குமா?”

கிடைக்கும் என்றேன்.

தெரிந்துகொண்டுதான் இருக்கிறாள். எப்போதிருந்து? பாய்க்கு அடியில் இருப்பதையெல்லாம் பார்த்திருப்பாள். அவள்தானே பெருக்குகிறாள். மானம் போயிற்று. ஆனால் ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. அதுவே ஒரு மாதிரி இருக்கிறது.

மார்ச் 7

கிருபாவிடமும் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். இந்த முறை கோழி என்று நினைத்து நான் அசையவில்லை.

கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். என் கையில் ஊசி. சுற்றிலும் மஞ்சள் நூல்.

“அப்பா, இது நீ பண்றதா?”

அவள் பையைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, சிக்கலாகக் கிடந்த நூலை எடுத்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. ஏழாவது படிக்கிறவளுக்கு என்னவெல்லாம் கேள்வி வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஜாலியா இருக்குதா?”

“இருக்குது” என்றேன். கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மார்ச் 10

கிருபாவுக்கு மஞ்சள் நூலில் ஒரு தோள்பை முடித்துவிட்டேன். அவள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, சுவரில் விழும் கண்களின் நிழலைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்து ஒட்டுப் போர்வை வேண்டுமாம். பூப்பூவாக. பனியனில் எங்கே பூ இருக்கிறது?

இந்த நான்கு நாளாக முதுகுவலியே ஞாபகம் இல்லை. எழுதக்கூடாது, கண் பட்டுவிடும். எழுதிவிட்டேன்.

மார்ச் 12, மாசி மகம்

எழுத்துக் கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையிலிருந்து உள்ளூர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தன. கூட்டம். மேளம். கிருபா பாவாடை சட்டையும் மஞ்சள் பையுமாகக் கிளம்பினாள். பை வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கத்தில் மச்சான் அப்பாதுரை, திருமுருகன், போட்டு ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். தாய்மாமன் ஆயிற்றே, கிருபாவுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடிக்க, பையை அவன் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் சும்மா இருந்தானா? புரட்டிப் பார்த்தான். பட்டை சேரும் இடத்தை விரலால் நெருடினான்.

“டேய், இது செல்லப்பன் முடிச்சுடா! நொட்டாங்கை முடிச்சு!”

எனக்கு இடது கைப் பழக்கம். என் முடிச்சு எல்லார் முடிச்சுக்கும் எதிர்ப்பக்கம் திரும்பி இருக்கும். வலையில் எந்த இடம் நான் தைத்தது என்று இருட்டில் தடவியே சொல்லிவிடுவார்கள். அந்த வீடியோக்காரி மாதிரி முனையை ஒளித்திருந்தால்—

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். “அவ அம்மா பின்னுனதுப்பா. ஓரத்துல ஒரு முடிச்சு போட்டுக் குடுன்னா, குடுத்தேன்.”

அதோடு போயிருக்கும். கிருபா டம்ளரிலிருந்து வாயை எடுத்தாள்.

“இல்ல மாமா. முழுசா எங்க அப்பாதான் பின்னுனாரு. சும்மாடுகூட அப்பாதான் பின்றாரு.” அப்படி ஒரு பெருமை அந்தக் குரலில்.

திருமுருகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“ஏய்! வாயைத் தொறந்தா பொய்யி! எங்கடி கத்துக்கின இந்தப் பழக்கத்தை?”

இதை நான்தான் சொன்னேன். என் வாய்தான். பெத்த பொண்ணப் பாத்து.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. என்னையே பார்த்தாள், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி. நான் வேறு பக்கம் திரும்பிச் சாமி பார்த்தேன்.

மார்ச் 13

எதுவும் எழுத இல்லை.

மார்ச் 14

மஞ்சள் பை நான்காக மடித்து என் பாயின் மேல் இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர்பேண்டுகூட இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். நோட்டுகளைத் துணிக்கடை கவரில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். “பை இன்னாம்மா ஆச்சு?”

“அது அம்மா பின்னுனதுதானே. அம்மாவையே கேளு.”

மார்ச் 17

எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டினேன். நூல், ஊசி, துண்டுகள், பாதியில் நிற்கும் சும்மாடு. கடலில் போட்டுவிடலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். கரையில் போய் நின்ற பிறகுதான் புத்தி வந்தது. நைலான் எல்லாம் போய் யார் வலையிலாவது சிக்கும். அதிலும் என் முடிச்சு இருக்கும். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து பரண் மேல் போட்டேன். டாக்டர் பாரம் தூக்கக்கூடாது என்றார், முதுகு பிடித்துக்கொண்டது. நன்றாக வேண்டும் எனக்கு.

மார்ச் 20

சிவசங்கரி இன்று வெடித்துவிட்டாள். முத்தம்மாள் கேட்ட சும்மாடு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இனி அந்த வேலை வேண்டாம், ஆம்பளைக்கு அசிங்கம் என்றேன்.

“யோவ், நீ பின்னுனதத் தலைமேல வெச்சிக்கினு ஊர் பூரா சுத்தறேன். எனக்கு அசிங்கமா இருந்துச்சா? நான் பண்ணேன்னு பொய் சொன்னது உனக்காக. அது ஏம் பொய்யி, நான் சுமந்துக்குவேன். இந்தப் பொண்ணு உண்மையச் சொல்லிச்சு. அதப் போயி பொய்க்காரி ஆக்கிட்டியே, உனக்கு இன்னா மனசுய்யா?”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மார்ச் 23

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைக்குப் போனேன். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கத்துகிறான், “புளுகினி, பந்தைப் போடு!” கிருபா பந்தை எடுத்துப் போட்டாள். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

யார் வைத்தார்கள் என்று கடையில் கேட்டேன். “அப்பாதுரை அண்ணன்தான் வெளாட்டுக்குக் கூப்பிடும். புள்ளைங்க புடிச்சுக்கிச்சு” என்றார்கள்.

எங்கள் குப்பத்தில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். எங்கள் தெருவில் வெள்ளெலி என்று ஒருவர் இருந்தார். அவர் காரியப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டுத்தான் அடித்தார்கள், இல்லாவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. என் பெண் பெரியவளாகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, புளுகினி என்றே இருப்பாள். ஏன் அந்தப் பெயர் என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வாள்?

மார்ச் 28

மச்சான் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மஞ்சள் பையைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அவன் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். உட்காரு மச்சான் என்றான். உட்கார்ந்தேன். மேட்ச் முடியும்வரை பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்றுகூடத் தெரியாது. பையோடு திரும்பி வந்து, அதை வீட்டுச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டேன்.

கோழை. நடுக்கடலில் காற்று மாறியபோதெல்லாம் பயப்படாதவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது வேறு பயம் போலிருக்கிறது.

ஏப்ரல் 5

மச்சானின் வலை பாறையில் மாட்டிக் கிழிந்துவிட்டது. வலைக்கூடத்துக்கு வந்து தைத்துக் கொடு, உட்கார்ந்த வேலைதானே என்று ஆள் அனுப்பினான். போனேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு எல்லாரோடும் உட்கார்ந்து வலை தைத்தேன். இதுவும் பின்னல்தான். இதை ஊரே பார்க்க உட்கார்ந்து செய்யலாம், அசிங்கமில்லை. எனக்கு இது இன்றுவரை புரியவில்லை.

மத்தியானம் கிருபா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். என்னிடம் பேசுவதில்லை, ஆனால் அம்மா சொன்னதைச் செய்வாள்.

“வாம்மா புளுகினி” என்றான் அப்பாதுரை. “இன்னிக்கு இன்னா கதை கொண்டாந்த?”

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பழகிவிட்டது. கேரியரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு என் கையில் வலை ஊசி ஓடவில்லை.

“மச்சான், அவளை அப்படிக் கூப்பிடாத.”

“ஏன், வெளாட்டுக்குத்தானே?”

“அவ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். அந்தப் பையை நான்தான் பின்னுனேன். சிவசங்கரி தலையில இருக்குற சும்மாடும் நான் பண்ணதுதான். உங்க முன்னாடி வெட்கப்பட்டுக்கினு பெத்த பொண்ணைப் பொய்க்காரி ஆக்கிட்டேன்.”

எல்லார் கையிலும் வலை ஊசி நின்றுவிட்டது. பிறகு திருமுருகன் ஆரம்பித்தான். “அப்ப எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னு அண்ணே, ஃபுல் கை!” கூடம் முழுவதும் சிரிப்பு. ஒருத்தன் இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன். உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை, பாதி வலை பாக்கி இருந்தது.

அப்பாதுரை மட்டும் சிரிக்கவில்லை. வலையை இழுத்துப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

“முடிச்சைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும் மச்சான். ஆனா பெத்த அப்பனே பொய்யின்னு சொன்ன பொறவு, மாமன்காரன் நான் இன்னா பேசறது?”

சிரித்தவர்களை எல்லாம் தாங்கிக்கொண்டேன். இதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 6

சொன்னேனே, அவள் இருக்கும்போது சொல்லியிருக்கலாம் அல்லவா? அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லியிருக்கிறேன். பொய்யை மட்டும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

ஏப்ரல் 9

எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சும்மாடு. டீக்கடையில், “சும்மாட்டுக்கு ஒரு டீ போடு.” ஏலத்தில் சிவசங்கரியைப் பார்த்து, “சும்மாடு சம்சாரம் வந்துடுச்சு.” அவள் திரும்பி, “ஆமா, உன் தலைக்கும் ஒண்ணு வேணுமா?” என்றாளாம்.

எனக்கு இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் காது சுடுகிறது. ஆனால் இரண்டு நாளாகத் தெருவில் புளுகினி என்ற சத்தம் இல்லை. பிள்ளைகள் புதுப் பெயர் கிடைத்தால் பழையதை விட்டுவிடுகிறார்கள்.

ஏப்ரல் 10

கிருபா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“அப்பா, உன்னை சும்மாடுன்னு கூப்பிடறாங்க.”

“தெரியும்.”

“நீயே சொன்னியாமே.”

“ஆமா.”

“எல்லார்கிட்டயுமா?”

“எல்லார்கிட்டயும்தான்.”

அவள் மறுபடி எழுத ஆரம்பித்தாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பெற்ற பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. “நான் உன்னை அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்பும்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “ம்” என்றாள். அவள் அம்மா மாதிரியே.

பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

ஏப்ரல் 13

பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். முத்தம்மாளின் சும்மாட்டை வாசலில் உட்கார்ந்து முடித்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வியர்த்துக் கொட்டியது. ஆனால் சுற்று முடிகிற இடத்தில் பழைய சந்தோஷம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

ஏப்ரல் 19, சனி

கூனிமேட்டுக்குப் போகிறேன், துணி எடுக்க, வருகிறாயா என்று கிருபாவைக் கேட்டேன். வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

கமாலுதீன் பாய் என்னைப் பார்த்ததுமே உள்ளே திரும்பினார். ரம்ஜான் முடிந்து கடை ஓய்ந்திருந்தது. “வாங்க வாங்க. உங்களுக்காகவே பனியனா எடுத்து வெச்சிருக்கேன். இன்ஜின் எப்படி ஓடுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் கிருபா சொல்லிவிட்டாள்.

“இன்ஜினுக்கு இல்லீங்க. எங்க அப்பா பின்னுவாரு.”

சொல்லிவிட்டு உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதே பார்வை. மாசி மகத்தன்று டம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாளே, அதே. என் பெண் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு, அது உண்மைதானா என்று என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். காது சுட்டது.

“ஆமா பாய்” என்றேன். “நான்தான் பின்றேன். போர்வைகூடத் தைப்பேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“அட, இதுல இன்னாங்க இருக்குது?” என்றார் பாய். “அன்னிக்கே கேட்டிருந்தா நல்லதாவே குடுத்திருப்பேனே.” உள்ளேயிருந்து ஒரு பெரிய சாக்கை இழுத்து வந்து தரையில் கவிழ்த்தார். பெருநாளுக்குத் தைத்த துணியின் மிச்சமெல்லாம் அதில் இருந்தது. பூவும் ஜிகினாவுமாகச் சரிந்து கிருபாவின் காலை மூடியது.

அவள் சட்டென்று உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மடிமேல் விரித்து, சிலதைத் தள்ளிவிட்டு, நீலப் பூப்போட்டது ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

“அப்பா, இது நடுவுல வெக்கலாமா?”

வைக்கலாம் என்றேன். பொறுக்கியதையெல்லாம் போட்டுக்கொள்ள பாய் கவர் தேடினார். கவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாவாடை இடுப்பில் மடித்துச் செருகியிருந்த மஞ்சள் பையை எடுத்து உதறினாள்.